தூண் குளிரவில்லை

என் மனைவி பதினெட்டு வருடம் ஓர் அரண்மனையில் வேலை செய்தாள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம். பரோக் காலத்துக் கட்டடம். பார்க்கும் இடமெல்லாம் வளைவும் தங்கப் பூச்சும். கோயில் திருவிழாவில் யாராவது விசாரித்தால், "அங்கை ஒஃபிசிலை" என்பேன். பச்சைப் பொய். அவள் செய்தது கிளீனிங். நானும் பொதி ஏற்றுகிறவன்தான், ஆனாலும் வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் அரண்மனைக் கதைதான். "இஞ்சருங்கோ, அந்தத் தூணெல்லாம் மாபிள் இல்லை. சாந்திலை சாயம் கலந்து மினுக்கி வைச்சிருக்கினம். கை வைச்சால் குளிராது." இன்னொரு நாள், "ஒரு பக்கத்திலை மூண்டு யன்னல் சும்மா சுவரிலை கீறின படம். மற்றப் பக்கத்தோடை சரிசமனா இருக்க வேணுமாம்." கூட வேலை செய்த போலந்துக்காரியைப் பற்றியும் சொல்லுவாள், கொண்டுபோகும் இடியப்பத்தில் பாதி அவளுக்குத்தான். கடைசியில், "ஒருக்கா வாங்கோவன், காட்டுறன்." நான், "ஓம், பாப்பம்" என்றுவிட்டு டிவியைப் போடுவேன்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. இங்கே எங்கள் சனத்துக்குக் கல்யாண அல்பம் என்றால் பின்னால் ஓர் அரண்மனை நிற்கவேண்டும். அதே அரண்மனையின் முற்றத்தில் சம்பந்தி வீட்டாரோடு வரிசையாக நின்றோம். அப்போது பக்கத்துச் சின்னக் கதவு திறந்து போலந்துக்காரி ஓடி வந்தாள். நீல வேலை உடுப்பு, கையில் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிய ரோசாப்பூக்கள். என் மனைவியைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டினாள்.

"ஆரது?" என்று சம்பந்தி கேட்டார்.

"ஆரெண்டு தெரியேல்லை. இஞ்சை கூட்டித் துடைக்கிற மனுசி போல" என்றேன்.

என் மனைவிக்குக் கேட்டது. என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு பூவை வாங்கி, முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் "டங்க" என்று ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டுக் கமராவைப் பார்த்து நின்றாள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் பெண் அதே கதவால் திரும்பிப் போனாள். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மறக்க ஏலாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரண்மனைக் கதை இல்லை.

இந்த வருடம் அவள் பென்ஷனுக்கு வந்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. எனக்கு இப்போதுதான் புத்தி வந்தது. அரண்மனையைச் சுற்றிப் பார்க்க இரண்டு டிக்கெட் எடுத்தேன். "எனக்கு அங்கை பாக்க என்ன கிடக்கு? நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள்.

தனியாகப் போனேன். பெரிய மண்டபத்தில் வழிகாட்டி பட்டுத்துணி ஒட்டிய சுவரைத் தள்ளினார். கதவு! உள்ளே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இருட்டுப் படிக்கட்டு. வேலைக்காரர் அரசர் கண்ணில் படாமல் போய்வர அப்படிக் கட்டினார்களாம். எல்லோரும் கட்டியவனின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தார்கள். நான் தூணில் கை வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, "தூண் குளிரேல்லை. நீர் சொன்னது சரி" என்றேன்.

"சுவருக்குள்ளை இருக்கிற கதவைக் காட்டினவையோ?"

"ஓம்."

"அதாலை போய்வர எனக்கு ஒருநாளும் வெக்கமா இருக்கேல்லை" என்றாள்.

அன்றைக்கு முற்றத்தில் சொன்னதற்கு, முதல் தடவையாக, வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? அவள் போலந்துக்குத் திரும்பிப் போயிட்டாள். நம்பரும் என்னட்டை இல்லை."