குதிரை மேல் வந்த பாட்டுக்காரன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். துபாய்க்குப் போய் சோனாப்பூர் கேம்ப்பில் ஓர் அறையில் எட்டுப் பேரில் ஒருவனாகப் படுக்கையை விரித்த மூன்றே மாதத்தில், மற்ற ஏழு பேருக்கும் தெரிந்துவிட்டது. சைட்டில் எனக்கு டைம்கீப்பர் வேலை. யார் வந்தான், யார் வரவில்லை என்று எழுதுவது. பிரசண்ட், ஆப்சென்ட், ஓவர்டைம், சிக் என்று நாலு வார்த்தையை ஆங்கிலத்தில் தினமும் எழுதியதால், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அறையில் ஒரு பேர் வந்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. கெட்ட பேரா என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. காலையில் துணி துவைத்து, கோழி வாங்கிக் குழம்பு வைத்து, தின்றுவிட்டு மதியம் எட்டுப் பேரும் ஒரு படம் பார்ப்போம். இது இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, வி.சி.டி. காலம். எந்தப் படம் என்பதில் ஒருமுறை கைகலப்பு வரைக்கும் போய்விட்டதால், கட்டில் வரிசைப்படி முறை வைத்துக்கொண்டோம். சட்டமும் போட்டோம். ஆரம்பித்த படத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. தெரியாத பாஷைப் படமாக இருந்தால், கொண்டுவந்தவன்தான் மற்றவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். படம் ஊற்றிக்கொண்டால் ஒரு வாரம் எட்டுப் பேர் பாத்திரத்தையும் அவனே கழுவ வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தை முன்மொழிந்த மகானுபாவன் நான்தான்.

என் முறை வந்த அந்த வாரம் நான் நல்ல நிலையில் இல்லை. சித்திரையோடு என் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடிகிறது. மாசி மாதமே ஆபீஸ் கிளார்க், மலையாளி, "இன்னும் ரெண்டு வருஷம் நிக்குந்நோ?" என்று கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்டதுபோல, "சரி சார்" என்று சொல்லிவிட்டேன். ஊரில் வீட்டு மாடி பூசாமல் செங்கல்லாக நின்றது, அதுதான் மனதில் இருந்தது. அந்த மாசியிலேயே ஒரு வெள்ளிக்கிழமை போனில் என் மனைவியிடம் இதை ஒரு செய்தியாகச் சொன்னேன். "சித்திரைக்கு வரலை. இன்னும் ரெண்டு வருஷம் போட்டாச்சு." அவள் "அப்படியா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் குரலே கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கூப்பிடுவது வழக்கம். என் அம்மா எடுப்பாள். முதல் வாரம், "அவ குளிக்கிறாப்பா" என்றாள். அடுத்த வாரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள். அப்புறம் கோயிலுக்கு. அப்புறம் மறுபடியும் குளியல். இங்கே ஆறு என்றால் ஊரில் ஏழரை. ஒரு மனுஷி வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு மணிக்கணக்காகக் குளிப்பாளா? என்னைப் பெற்ற அம்மாதான், ஆனால் கட்சி மாறிவிட்டாள் என்று புரிந்தது. "சனிக்கிழமை காலைல வந்து ஒப்பிட்டிட்டு போ" என்று கிளார்க் வேறு சொல்லி அனுப்பியிருந்தார். ஒப்பிடுவது என்றால் கையெழுத்து. போட்டுவிடுவது, கோபம் எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று வீம்பாக இருந்தேன். வீம்புக்கு அடியில் பயம். இவள் இனிமேல் என்னோடு பேசவே மாட்டாளோ என்கிற பயம். அறையில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

கேம்ப்புக்குப் பின்னால் மணல்வெளியில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். தரையில் துணி விரித்துப் பழைய சட்டை, கடிகாரம், வி.சி.டி. எல்லாம் விற்பார்கள். பெஷாவர்க்காரர் ஒருவரிடம், "பாய், ஃபைட் படம் ஹை?" என்றேன். ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பட்டாளத்து உடுப்பில் ஒரு வெள்ளைக்காரன், குதிரை மேல், இடுப்பில் வாளோடு. பின்னால் ஒரு படையே நிற்கிறது. இதற்கு மேல் ஒரு சண்டைப் படத்துக்கு என்ன அடையாளம் வேண்டும்? வாங்கிக்கொண்டு வந்தேன்.

படம் கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்தது. ஆரம்பமே முனகல். "பழைய படத்துலதான் நெசமான கத்திச் சண்டை இருக்கும்" என்று அடக்கினேன். நாற்பது சிப்பாய்கள் குதிரையில் வந்தார்கள். முன்னால் கதாநாயகன். எண்ணெய் தடவி வழித்துச் சீவிய தலை, அரிசி மூட்டை மாதிரி நெஞ்சு. சட்டென்று வாளை உருவினான். எட்டுப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவன் வாளை மேலே தூக்கி, வாயை அகலமாகத் திறந்து, பாட ஆரம்பித்தான்.

"பாடிட்டு வெட்டுவான்" என்றேன்.

வெட்டவில்லை. நாற்பது சிப்பாயும் கூடச் சேர்ந்து பாடினார்கள். குதிரைகள்தான் பாடவில்லை. அடுத்து ஓர் அரண்மனை ஜன்னலில் கதாநாயகி வந்தாள். கோடு போட்ட மாதிரி புருவம், சுருள் சுருளாகத் தலைமயிர். அவள் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே போய், இறங்கவே மாட்டேன் என்று நின்றாள். டியூப்லைட் அதிர்கிறதா என்று கார்பெண்டர் அண்ணன் அண்ணாந்து பார்த்தார். அரியலூர்க்காரர், அறையிலேயே மூத்தவர், ஊரில் பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தகப்பன்.

"நம்ம ஊர்லயும் எங்க அப்பா காலத்துல இப்படித்தான். தண்ணி குடுன்னு ஒரு பாட்டு, குடிச்சிட்டேன்னு ஒரு பாட்டு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, அந்தம்மா என்ன சொல்லுது? எடுத்து விடு."

என் இங்கிலீஷ் கப்பலேறும் நேரம் வந்துவிட்டது. பிரசண்டும் ஆப்சென்டும் அந்தப் பாட்டில் எங்கும் தட்டுப்படவில்லை. முகத்தைப் பார்த்தால் கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அள்ளிவிட்டேன்.

"அவனுக்கு வெளிநாட்டுல பட்டாளத்து வேலை. காலம் முடிஞ்சு வரேன்னு சொல்லிட்டுப் போனவன், இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சரின்னுட்டான். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அதான் கோவம். அவன் பேச வந்தா உள்ள குளிக்கப் போயிடுறா."

எப்படி அது வாயில் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அறையில் முனகல் நின்றுவிட்டது. படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன் கேக்கலையாம்?" என்றார் கார்பெண்டர் அண்ணன்.

"என்னத்தக் கேக்குறது? வீடு பாதியில நிக்குதுல்ல?"

"எந்த வீடு? அவதான் அரமனைல நிக்குறாளே."

"அரமனையும் பாதியிலதாண்ணே நிக்குது. மேல்மாடி இன்னும் பூசலை."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். பூச்சு வேலையைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தது தெரிந்தது, ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. படம் போகப் போக, ஒவ்வொரு பாட்டுக்கும் நான் ஒன்று சொன்னேன். படகில் பாடினார்கள், தோட்டத்தில் பாடினார்கள், ஒரு கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பாடினார்கள். அவன் கூப்பிடுவதும் அவள் வராததுமாகவே கதையை ஓட்டினேன். நடுநடுவே கதாநாயகியின் அம்மாவாக ஒரு குண்டுப் பொம்பிளை வந்தாள். அவளை நான் கதாநாயகனின் அம்மாவாக்கி, கட்சி மாறியவள் என்றும் அறிமுகப்படுத்தினேன்.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏழு பேரும் கதாநாயகி பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

"அந்தம்மா கோச்சுக்கறதுல என்ன தப்பு?" என்றான் ஒருவன்.

"கல்லு மாதிரி நின்னு பாடுறானே ஒழிய, அவளைக் கேக்கணும்னு தோணலை பாரு" என்றார் கார்பெண்டர் அண்ணன்.

இதைச் சொன்னவர் மூன்று தடவை வீட்டில் கேட்காமல் கான்ட்ராக்டை நீட்டியவர். அந்த அறையில் மனைவியிடம் கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஆண்பிள்ளை ஒருத்தன்கூடக் கிடையாது. அத்தனை யோக்கியர்களும் சேர்ந்து அந்த வெள்ளைக்காரனைத் திட்டினார்கள். நான் ஒருத்தன்தான் அவனுக்காக வாதாடினேன். "அவன் யாருக்குங்க கஷ்டப்படுறான்? அந்த வெயில்ல அந்த உடுப்ப மாட்டிக்கிட்டு யாருக்குக் குதிர ஓட்டுறான்?" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகன் ஜன்னலுக்குக் கீழே தனியாக நின்றான். படையைக் காணோம், குதிரையைக்கூடக் காணோம். நிதானமாக ஒரு பாட்டுப் பாடினான். அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவன் நிறுத்தவில்லை. அவள் திறந்தாள். படியிறங்கி ஓடிவந்து அந்த அரிசி மூட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். படம் முடிந்தது.

"என்ன சொன்னான்?" என்று கார்பெண்டர் அண்ணன் கேட்டார்.

ரெண்டு மணி நேரம் சரடு விட்டவனுக்கு இந்த ஒரு பாட்டுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

"அடேய், இவ்ளோ கோவமா இருந்தவ இறங்கி வந்துட்டா. அப்படி என்னதாண்டா சொன்னான்?" ஏழு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்தால் நான் ஏன் இப்படி நாயாய்ப் பேயாய் அலைகிறேன்?

"படம் ஊத்திக்கிச்சுன்னே வச்சுக்கங்க. பாத்திரத்த நானே கழுவுறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

என் பின்னாலேயே ஸ்டோர்கீப்பர் அண்ணன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் அறைதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவருக்கு உண்மையாகவே நல்ல ஆங்கிலம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"தம்பி, அவள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "நிலவைப் பற்றியும் ஏதோ ஒரு பூவைப் பற்றியும்தான் பாடினவள்."

"பின்ன ஏண்ணே உள்ள சொல்லலை?"

"உம்மடை கதை நல்லா இருந்தது."

மானம் போனது போனதுதான் என்று அவரிடமே கேட்டேன். "கடைசிப் பாட்டுல அவன் நெசமாவே என்னண்ணே சொன்னான்?"

"அது எனக்கும் விளங்கேல்லை. இழுத்து இழுத்துப் பாடினவன்" என்றார். "விளங்கியிருந்தா, நானும் பதினொரு வருஷமா இஞ்ச நிண்டு வீட்டிலை ஏச்சு வாங்குவனோ?"

அவர் திரும்பிப் போய்விட்டார். நான் நேராக மளிகைக் கடை வாசலில் இருந்த போனுக்குப் போனேன். மணி நாலரைதான். வழக்கமான நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அம்மாவைப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடுவது, நீ எனக்கு அம்மாவா அவளுக்கு அம்மாவா என்று கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தினேன்.

"அலோ" என்றது என் மனைவியின் குரல். இந்த நேரத்தில் நான் கூப்பிடுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "நாந்தான்" என்றேன். அவள் பேசவில்லை. வைக்கவுமில்லை.

"குளிச்சு முடிச்சாச்சா?"

"ம்."

"நாளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"போட வேண்டியதுதானே."

"போடவா?"

எங்கள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது கேட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றாள்.

"போடவான்னு உன்னயக் கேக்குறேன்."

பிறகு அவள் சொன்னாள். "இத மாசி மாசமே கேட்டிருந்தா, போடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். மாடி பூச வேண்டாமா?"

"சரி, அப்போ இப்போ?"

"இப்போ வேணாம். ஆறு வாரமா யோசிச்சுப் பாத்துட்டேன். வேணாம். வந்துருங்க."

கோபம் வந்ததா என்றால், வந்தது. இதை முதல் வாரமே போனை எடுத்துச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சரி" என்று சொன்னதும் கார்டு தீர்ந்துவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பட்டாணியன் ஒருவன், "கலாஸ் பாய், கலாஸ்", முடிந்தது நகரு என்று தோளைத் தட்டினான்.

சனிக்கிழமை கிளார்க்கிடம், "வீட்ல வேணாம்னுட்டாங்க சார்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கவுண்ட்ஸ்காரரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார். நான் கிளம்புகிறவரை ஆபீசில் என் பேச்சாகவே இருந்தது.

அறையில் வேறு மாதிரி. கார்பெண்டர் அண்ணன் தன் முறை வந்தபோது பெஷாவர்க்காரரிடம் போய், அதே ஜோடி நடித்த இன்னொரு படத்தைத் தேடி வாங்கிவந்தார். அவனுக்கு இந்தத் தடவை கப்பல்படை உடுப்பு. அவளுக்கு அதே புருவம். "வந்துட்டாங்கப்பா நம்ம ஆளுங்க" என்று எல்லாரும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார்கள். கொண்டுவந்தவன்தான் கதை சொல்ல வேண்டும் என்பதால், ஏபிசிடி தெரியாத கார்பெண்டர் அண்ணன் கூசாமல் சொன்னார். அவர் கதையில் அந்தம்மா, பொண்ணு பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டாள் என்று பாடினாள். ஸ்டோர்கீப்பர் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு வந்து எட்டு மாதம் வீட்டிலிருந்தேன். நானே கரண்டி பிடித்து மாடியைப் பூசினேன். எட்டு மாதத்தில் நாங்கள் எண்பது சண்டை போட்டிருப்போம், ஆனால் யாரும் குளிக்கப் போகவில்லை. அப்புறம் கத்தாரில், ராஸ் லஃபானில், எரிவாயு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பட்டுக்கோட்டை ஏஜென்ட் சொல்லியனுப்பினார். இந்தத் தடவை ஏஜென்ட் ஆபீசுக்கு அவளும் கூட வந்தாள். காகிதத்தில் இருப்பதை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொல்லி ஏஜென்ட்டைப் போட்டுப் படுத்தி எடுத்தாள். லீவு எப்போது, உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பது, எத்தனை பேருக்கு ஓர் அறை என்று கேட்டாள். அந்த மனிதர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து அவர் பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சரிங்க" என்றாள். "உங்களுக்குப் போறதுக்கு இஷ்டமா?"

நானும் என்னை அதுவரை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. ஏஜென்ட் முன்னால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியலை" என்றேன். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றோம் சார்" என்று எழுந்தாள்.