காண்டெசாவின் பின்பக்கம்

பத்து வயதிலிருந்து நான் டைரி எழுதுகிறேன். எல்லா டைரிகளும் செம்பூர் வீட்டில் ஓர் இரும்பு அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. எழுதாமல் விட்ட நாட்கள் உண்டு. டைபாய்டு வந்தபோது பத்தொன்பது நாட்கள், மகன் பிறந்தபோது ஆறு. பொய் எழுதிய நாள் ஒன்றுதான். பதினோராவது வயதில், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குக் கீழே, "இன்று முழுவதும் வீட்டில் இருந்தேன். நல்ல மழை" என்று இருக்கிறது. பம்பாயில் பிப்ரவரியில் மழை பெய்வதில்லை. வீட்டிலேயே இருந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று மழையையும் நானே பெய்வித்திருக்கிறேன்.

அன்று நான் பெரியப்பாவோடு மாட்டுங்காவில் இருந்தேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். தாராவியில் எங்களுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அறைகள். கீழே நாங்கள், இரும்பு ஏணியில் ஏறினால் பெரியப்பா வீடு. தோல்பை செய்யும் கார்கானா ஒன்றில் அவருக்குக் கட்டிங் வேலை. பையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையில் மாதிரி வெட்டி, அதைத் தோலின்மேல் வைத்து அறுக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடி போட்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் கார் செய்தார்.

பொம்மைக் கார் என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். பொம்மை என்றால் பார்வைக்குக் கார் மாதிரி இருந்தால் போதும். அவர் செய்தது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில். நிஜக் கார் பதினைந்து அடி என்றால் அவருடையது ஏழரை அங்குலம். கதவின் கைப்பிடி கூட அதே கணக்கில்தான். உடம்புக்கு அட்டையும் தகரமும். சக்கரத்துக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பு. முன்விளக்குக்கு மாத்திரை அட்டையின் குமிழ். சீட்டுக்கு மட்டும் உண்மையான ஆட்டுத்தோல். கார்கானாவின் துண்டுகளை முதலாளியிடம் கேட்டுத்தான் எடுத்துவருவார். வண்ணம் பெரும்பாலும் பெரியம்மாவின் நகப்பூச்சு. "எனக்குப் பத்து வெரலு, இவுக காருக்கு நாலு கதவு. யாருக்கு வாங்குதாகன்னே தெரியல" என்று பெரியம்மா சொல்வாள். ஆனாலும் சிவப்பு தீர்ந்தால் அவளே இன்னொரு குப்பி வாங்கி அவர் மேஜையில் வைத்துவிடுவாள்.

அளவு எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போவார். அவர் மகனுக்கு ஞாயிறு என்றால் கிரிக்கெட். அதனால் நோட்டுப் பிடிக்க நான். இதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பாகத்தின் பெயரைச் சொல்வார், நான் எழுதுவேன். பிறகு டேப்பை வைத்து எண்ணைச் சொல்வார். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். திருப்பிச் சொன்னது காதில் விழாதவரை டேப்பை எடுக்கமாட்டார்; அடுத்ததற்கும் போகமாட்டார். கார்கானாவில் ஒருமுறை யாரோ எட்டை ஏழாகக் கேட்டு நாற்பது பைகள் வீணாய்ப் போயினவாம். "சொன்னவன் கணக்கு பாதி, கேட்டவன் கணக்கு பாதி. ரெண்டும் சேந்தாத்தான் அளவு" என்பார். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. கோடு போட்டு, வரிசை எண் கொடுத்து எழுதுவேன். இன்றைக்கும் நான் எதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பத்மினி டாக்ஸி, அம்பாசடர், தண்ணீர் லாரி எல்லாம் முடிந்திருந்தன. அவருடைய ஆசை காண்டெசா. அந்தக் காலத்தில் நீளமான, பெரிய மனிதர்களின் கார் அது. தாராவிக்குள் வராது. மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் வாசலில் வெள்ளை நிறத்தில் ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று வாரம் அதைப் பற்றியே பேசினார்.

அந்தக் கட்டடம் எது என்று அவர் சொன்னபோதே, அங்கே போகக்கூடாது என்று நினைத்தேன். என் வகுப்பில் படித்த லலிதாவின் வீடு அங்கேதான், முதல் மாடியில்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பள்ளியில் நான் சயானில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். தாராவியில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். சயான் ஸ்டேஷன் பக்கம்தானே, அது பாதி உண்மை. லலிதாவிடம் மீதிப் பாதியையும் சேர்த்திருந்தேன். என் பெரியப்பாவுக்குக் கார் கம்பெனியில் டிசைன் வேலை என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். ரயில் பாதையைத் தாண்டும் நடைபாலத்தில் ஏறும்போது, கால் வலிக்கிறது, திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "திரும்பி வரச்சில ரெண்டு பிளேட் இட்லி. கால் தானா நடக்கும்" என்றார். லுங்கிதான் கட்டியிருந்தார், தரையில் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் பேண்ட் வேண்டாம் என்று நினைத்திருப்பார். மேலே பழைய நீலச் சட்டை. சட்டைப் பையில் சுருட்டி வைத்த டேப்.

கட்டடத்தின் சுவரை ஒட்டிக் கார் நின்றது. வாட்ச்மேன் ஸ்டூலில் இல்லை. யாரிடமாவது கேட்டுவிட்டுத் தொடங்கலாமே என்று எனக்கே தோன்றியது. பெரியப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் எட்டடி ஒன்பது அங்குலம். திருப்பிச் சொன்னேன். கண்ணாடியின் சாய்வு, கதவின் நீளம், முன் கிரில்லின் உயரம், எல்லாம் ஒழுங்காக வந்தன. இருபத்தாறு அளவுகள். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிறகு காரின் பின்னால் போய், அடிப்பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார். முழங்கால்வரை லுங்கி ஏறியிருந்தது.

"பின் பம்பர், அகலம்" என்றார். எழுதினேன்.

அப்போது மேலே கதவு திறந்தது. பல் துலக்கிக்கொண்டே லலிதா பால்கனிக்கு வந்தாள்.

"அஞ்சடி ஏழு" என்றார் பெரியப்பா காருக்கு அடியிலிருந்து.

நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். சுவரோரமாக நான்கு எட்டு நகர்ந்தேன்.

"அஞ்சடி ஏழு" என்றார் மறுபடி. காத்திருந்தார். அந்தக் கால்கள் அசையவில்லை. டேப்பைப் பிடித்தபடியே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் திருப்பிச் சொல்லாமல் அவர் எழமாட்டார் என்பதும் தெரியும். மூன்றாவது தடவை உரக்கக் கத்தினார். "அஞ்சடி ஏழு. எழுதிட்டியாட்டி?"

அந்தச் சத்தத்துக்குத்தான் காரின் டிரைவர் வந்தார். கட்டடத்துக்கு உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வாட்ச்மேனும் கூட வந்தான். போன வாரம் அந்தக் காரின் சக்கர மூடி ஒன்று திருடு போயிருந்தது என்பது பிறகு அவர்கள் பேச்சில் தெரிந்தது. டிரைவர் பெரியப்பாவின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். அவர் போட்டிருந்த கண்ணாடி காருக்கு அடியிலேயே கிடந்தது.

பெரியப்பாவின் இந்தி, பம்பாயில் முப்பது வருஷம் இருந்தும் திருநெல்வேலியைத் தாண்டாதது. சின்ன கார் செய்கிறேன், அதற்கு அளவு எடுத்தேன் என்றார். பேப்பர் போடுகிறவன், பால்காரன், நாயோடு நடக்க வந்தவர் என்று அதற்குள் ஏழெட்டுப் பேர்.

"சோட்டா காடி? கித்னா சோட்டா?" என்றார் டிரைவர். எவ்வளவு சின்னது?

பெரியப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காட்டிவிட்டு, கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று பட்டதோ என்னவோ, ஒரு கையைச் சற்று உள்ளே நகர்த்திச் சரியாக ஏழரை அங்குலம் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் அவர் கன்னத்தில் அடித்தார்.

அந்த நோட்டைக் காட்டியிருந்தால் போதும். கோடு போட்டு, எண் கொடுத்து, இருபத்தாறு வரிகள். திருடன் யாரும் கண்ணாடியின் சாய்வை எழுதி வைத்துக்கொள்ளமாட்டான். நோட்டு பத்தடி தூரத்தில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஏய், நீ எங்கடி இங்கே?" என்று மேலிருந்து லலிதா கேட்டாள்.

"மாமா வீட்டுக்கு வந்தேன்."

"யாருடி அந்த ஆள்? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "திருடன் போல இருக்கு" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். அங்கே கூடியிருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வாட்ச்மேனுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னைக் காட்டி, இந்தப் பெண் உன்னோடு வந்ததா என்று இந்தியில் கேட்டான்.

"நஹீ" என்றார் பெரியப்பா. "மே அகேலா ஆயா." தனியாகத்தான் வந்தேன்.

அவருக்குச் சரியாகக் கண் தெரியவில்லை, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் அவரைச் சட்டையைப் பிடித்துப் போலீஸ் சௌக்கிப் பக்கம் கூட்டிப்போனார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். பாலத்தில் ஏறும்போது கால் வலிக்கவில்லை.

வீட்டில் பெரியம்மாவிடம், பாதி வழியிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றேன். நோட்டை என் பழைய பாடப்புத்தகங்களுக்கு நடுவில் செருகினேன். இரண்டரை மணிக்குப் பெரியப்பா வந்தார். கூடவே கார்கானா முதலாளி. காயல்பட்டினத்துக்காரர், சௌக்கியில் இருந்து சொல்லியனுப்ப, போய்ப் பேசி விடுவித்துக் கூட்டிவந்திருந்தார். "ஒரு தோல் துண்டைக்கூடக் கேக்காம எடுக்காத மனுசன். இவரப் போயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பாவின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கண்ணாடி திரும்பக் கிடைத்திருந்தது, ஒரு காது இல்லாமல். டேப்பும் இல்லை.

முதலாளி போனபிறகு பெரியம்மா அழுதுகொண்டே திட்டினாள். "காருக்குச் சட்டை தைக்கப் போனியளோ? நல்லவேள, பிள்ளையப் பாலத்துலயே திருப்பி அனுப்பிட்டியளாமே."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார். "வெயிலு ஏறிட்டுல்லா. பிள்ள எதுக்கு, பாவம்னு அனுப்பிட்டேன்."

நான் சொன்ன பொய்யை அவர் அப்படியே திருப்பிச் சொன்னார், ஓர் அளவைத் திருப்பிச் சொல்வது போல. அதற்காக அன்று நான் நன்றிகூட நினைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். டைரியில் மழையை எழுதினேன்.

நோட்டை அவர் கேட்கவில்லை. நாளைக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு வாரம் ஆனதும், இவ்வளவு நாள் ஏன் வைக்கவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. ஒரு மாதம் ஆனதும் அந்த எண்ணமும் போய்விட்டது.

அதன்பிறகு அவர் மாட்டுங்கா பக்கம் போகவில்லை. எங்கள் தெருவில் நின்ற வண்டிகளை மட்டும் செய்தார்: டெம்போ, குப்பை லாரி, பள்ளிக்கூட ரிக்ஷா. என்னைக் கூப்பிடவும் இல்லை. தொண்ணூறு அடி ரோட்டில் டெம்போவுக்கு அடியில் அவர் படுத்திருந்ததை ஒருநாள் பள்ளியிலிருந்து வரும்போது பார்த்தேன். புதிய நோட்டு ஒன்று நடைபாதையில் கல்லுக்கு அடியில் இருந்தது. ஓர் அளவு எடுப்பார். வெளியே வந்து, முழங்காலைப் பிடித்து எழுந்து, நடந்து போய் எழுதுவார். மறுபடி வந்து படுப்பார். எழுதும்போது உதடு அசைந்தது. எண்ணைத் தானே சொல்லி, தானே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவின் மறுபக்கமாக நான் வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பா இறந்தபிறகு பெரியம்மா மகனோடு சான்பாடாவுக்குக் குடிபோனாள். அங்கே வைக்க இடமில்லை என்று பதினேழு கார்களும் என்னிடம் வந்தன. ஒவ்வொன்றின் நீளம், அகலம், வண்ணம், எதனால் செய்தது என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அதில் ஒன்பதாவது காண்டெசா. நோட்டு இல்லாமல், ஞாபகத்திலிருந்தே செய்திருக்கிறார். என்னிடமே தங்கிவிட்ட நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இருபத்தாறு அளவில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பின்பக்கம் மட்டும் வெறும் அட்டை. பம்பர் இல்லை, விளக்கு இல்லை, வண்ணமும் பூசவில்லை. அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படிதான் காரை நிறுத்தி வைத்திருப்பார். தெருக்காரர்கள் கேட்டால், "அங்கன அளவு கெடைக்கல" என்பார்.

மாட்டுங்காவுக்குப் போய்வந்த அதே வருஷ மழைக்காலத்தில் ஒரு மாலை, பெரியம்மா கொடுத்தனுப்பிய டம்ளரைத் திருப்பி வைக்க நான் ஏணியில் ஏறினேன். காண்டெசா அவர் கையில் இருந்தது. பசைக் குச்சியைப் பிடித்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏட்டி, காண்டெசாவுக்குப் பின் பம்பர் அகலம் எவ்வளவு?"

அவர் வாயாலேயே மூன்று தடவை சொன்ன எண் அது. எனக்கு இன்றுவரை மறக்காதது.

"தெரியாது பெரியப்பா" என்றேன்.

"சரி" என்று பசை டப்பாவை மூடினார்.

அன்றைய டைரியில் பொய் எதுவும் இல்லை. "மழை. பெரியப்பா காண்டெசாவின் பின் பம்பர் அளவு கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்" என்று, நேரமும் போட்டு, ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அவர் அளவைத்தான் கேட்டார் என்று நினைத்திருந்தேன்.