தொட்டி வாயில் உட்கார்ந்தவள்

என் தம்பி பெண்டாட்டியை நான் தொடைநடுங்கி என்றுதான் கூப்பிடுவேன். குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடும் அவளுக்கு. அவளைப் போய் எண்ணெய்க் கம்பெனியில் தொட்டி வாயில் உட்கார வைத்தார்களே என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

ஏனென்றால் தொட்டிக்குள் போய்க் கசடு சுரண்டுகிறவன் என் தம்பி. சுரண்டச் சுரண்ட விஷவாயு கிளம்பலாம். தரையோரம் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டத் துளை. வெளியே அவள், அவனுடைய இடுப்புக் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி. உள்ளே நடப்பதை நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே பல தேசத்து ஆட்கள், அதனால் இங்கிலீஷில். என்ன ஆனாலும் அவள் உள்ளே போகக் கூடாது.

அதற்காக அடுப்படியிலேயே பாடம் நடந்தது. நான் என்றால் ‘ஆம்’, அவன் என்றால் ‘இஸ்’, அவர்கள் என்றால் ‘ஆர்’. செய்கிற வேலையின் வாலில் ஒரு ‘இங்’.

“நேத்து செஞ்சது, நாளைக்குச் செய்யறது எதுவும் வேணாமாம் அண்ணி. இப்ப நடந்துட்டு இருக்கிறதை மட்டும் சொன்னா போதுமாம். ஐ ஆம் கட்டிங் ஆனியன். அண்ணி இஸ் ஷவுட்டிங்.”

“கொழுப்புடி உனக்கு!” என்பேன்.

நானும் அங்கேதான், சீருடை வெளுக்கும் பிரிவில். அன்று முற்பகல் துவைத்த கையுறைகளைக் கொடுக்கப் போனேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“வர்றேன் வர்றேன்னு மூணு தடவை சொல்லிட்டாரு அண்ணி. கயிறு அசையவே இல்ல.”

“உன் புருஷன் என்னைக்குடி சொன்ன உடனே வந்திருக்கான்?”

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே பொத்தென்று ஏதோ விழுந்தது. அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள், எங்கோ சிக்கி அசையவில்லை. அபாய மணியை அடித்தாள். “ஹீ இஸ் நாட் மூவிங்! ஹீ இஸ் நாட் ஆன்சரிங்!”

“உள்ள போய் இழுடி!” என்று அலறினேன். தலையை ஆட்டி மறுத்தாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அப்போதும் நகரவில்லை. “சீ, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்று கத்திவிட்டு நானே துளைக்குள் தலையை விட்டேன். அழுகிய முட்டை நாற்றம் மண்டைக்கு ஏறியது, கண் இருட்டியது. அவள் என் கால்களைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தாள். உதைத்தேன், விடவில்லை. அவள் உடம்பு வெடவெடவென்று ஆடுவது என் காலில் தெரிந்தது.

“மை சிஸ்டர் இஸ் கோயிங் இன்சைட்! ஐ ஆம் ஹோல்டிங் ஹெர்! ஆர் யூ கமிங்?”

வந்துவிட்டார்கள். காற்று முகமூடி போட்ட இருவர் உள்ளே நுழைந்து தம்பியை இழுத்து வந்து தரையில் கிடத்தினார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று வாக்கி டாக்கி கேட்டது. அவள் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டது. ஐயோ, சொல்லேன்டி என்று நினைத்தேன். சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தேன். முகத்தில் ஆக்சிஜனை வைத்து அழுத்தினார்கள். நெஞ்சு ஒருமுறை எழுந்தது.

“ஹீ இஸ் ப்ரீதிங்.”

ஆம்புலன்ஸில் ஏறிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கி டாக்கியை எப்போதோ வாங்கிவிட்டார்கள், கேட்க யாருமில்லை. தான் நிறுத்தினால் அவன் மூச்சும் நின்றுவிடும் என்று பயந்தாள் போல. அவள் கன்னத்தில் என் ஐந்து விரலும் சிவந்திருந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.