பதினொன்றாம் நம்பர் ஜெர்சி

இங்கே துணி காயாது. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான். அங்கே ஒரு சேலையைப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் சேலை மொடமொடவென்று ஆகிவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம், காலையில் கொடியில் போட்ட பாவாடை சாயங்காலம் இன்னும் அதிக ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் தெளித்து விளையாடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன். "யாருடி தெளிப்பா? பனிமூட்டம் வந்துட்டுப் போயிருக்கு" என்றாள் அக்கா. "அடுப்புக்கு மேல கயிறு கட்டுலா. இங்க எல்லாம் அப்படித்தான்." அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டில் துணிகள் புகையில்தான் காய்கின்றன. கட்டுகிற சேலையெல்லாம் விறகு வாசம்.

அந்தக் கயிற்றில் வாரந்தோறும் தொங்கிய ஒன்று மஞ்சள் ஜெர்சி. என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். லோரியில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலை; ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் இடது ஓரத்தில் ஓடுவார். தோட்டம் கொடுத்த ஜெர்சிகள் மொத்தமே பதினொன்று. மாற்று கிடையாது. ஆளுக்கு ஒன்று, துவைப்பது அவரவர் வீட்டுப் பாடு. எங்களுக்குப் பரம எதிரி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். பெண் கொடுப்போம், எடுப்போம், திருவிழாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வருவோம். ஆனால் பந்தாட்டத்தன்று மாப்பிள்ளையாவது மச்சானாவது! நாங்கள் தோற்றால் அவர்கள் லோரியில் ஏறி மேளம் அடித்துக்கொண்டு எங்கள் லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார்கள்.

பந்து என்றால் என்னவென்று தெரியாமல் வந்த எனக்கு ஒரு வருஷத்தில் அந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்துவிட்டது. திடலுக்கு மேலே உள்ள தேயிலைச் சரிவில் உட்கார்ந்து பார்ப்போம். அத்தனை பெண்களிலும் என் தொண்டைதான் பெரியது. ஆனால் என்னவென்று கத்துவது? கணவன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதனால் நான் முதுகில் இருந்த எண்ணைச் சொல்லிக் கத்துவேன். "பதினொண்ணு! ஓடுங்க, பதினொண்ணு!" மரியாதை குறையாமல்தான். லெட்சுமி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "என்னாடி கணக்குப் பள்ளிக்கூடமா நடத்துற? பேரச் சொல்லிக் கூப்புடுலா!" அவர் வீட்டுக்கு வந்து, "நம்பரச் சொன்னாலும் ஒன் சத்தம் தனியா கேக்குது புள்ள" என்பார். அது எனக்குப் போதும்.

ஒரு மழைக்காலத்தில் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் மண் சரிந்தது. அவர் போன லோரியும் அதோடு போய்விட்டது. நான் ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. அப்படியும் போய்விட்டார்.

அதற்கு முந்தின நாள் பயிற்சிக்கு அவர் போட்ட ஜெர்சி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கியது. நான் அதைத் துவைக்கவில்லை. எங்கள் ஊர் வெயிலாக இருந்தால் நாலு நாளில் வாசம் பறந்திருக்கும். இந்தக் குளிரில் அது அப்படியே இருந்தது. வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திவிட்டு அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். ஊரிலிருந்து அண்ணன், இனி அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், வந்துவிடு என்று எழுதினார். எனக்கும் அதே எண்ணம்தான். திருவிழா முடிந்ததும் கப்பல் ஏறிவிடுவது, ஜெர்சியை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அது தோட்டத்துச் சொத்து என்பது எனக்கும் தெரியும், கேப்டன் மாணிக்கத்துக்கும் தெரியும். யாராவது கேட்கட்டும் என்று நானும், நானாகக் கொடுக்கட்டும் என்று அவர்களும் இருந்துவிட்டோம்.

அப்படியே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தோடு அந்த வருஷத்து ஆட்டமும் வந்தது. நடுவர் தானா ராத்தாவிலிருந்து வந்த மலாய்க்காரர், கறாரான ஆள். என் வீட்டுக்காரர் இடத்துக்குத் தங்கையா என்று ஒரு புது ஆளை எடுத்திருந்தார்கள். கோலா தெர்லா காய்கறித் தோட்டத்தை விட்டு எங்களிடம் வேலைக்கு வந்தவன். அவன் வெள்ளைச் சட்டையோடு இறங்கினான். நடுவர் சட்டையைக் காட்டித் தலையை ஆட்டி வெளியே அனுப்பிவிட்டார். பத்துப் பேரோடு ஆடினோம். பாதி ஆட்டம் முடிவதற்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. சரிவில் இருந்த எல்லாருக்கும் அந்த மஞ்சள் ஜெர்சி யார் வீட்டு ஆணியில் இருக்கிறது என்று தெரியும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. யாராவது திட்டியிருந்தால் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பேன். அந்தத் திரும்பாத முகங்களைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்து வீட்டுக்கு ஓடினேன். கடைசியாக ஒருமுறை முகத்தை வைத்தேன். திரும்பி வந்தபோது இடைவேளை. யாரிடம் கொடுப்பது என்று புரியாமல் நேரே நடுவரிடம் நீட்டினேன். "சியாப்பா புஞா?" என்றார், யாருடையது என்று. பெயர் சொல்ல வாய் வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்ல மலாய் வரவில்லை. "சாயா புஞா" என்றேன், என்னுடையது என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாக் மாயின் போலா கெ?" என்று கேட்டார். பந்து விளையாடப் போகிறாயா என்று! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். தங்கையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாங்க்கா. என்னால முடியாது." "போட்டுக்க தம்பி" என்றேன். "ஈரமாத்தான் இருக்கும்."

இரண்டாம் பாதியில் முதல் கோல் சீக்கிரமே விழுந்தது. இரண்டாவது, மாணிக்கம் அண்ணன் தலையால் முட்டியது. அதற்குள் மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிட்டது. திடலின் அந்தக் கோடி தெரியவில்லை. முகங்கள் தெரியவில்லை. எங்கள் மஞ்சளும் அவர்கள் பச்சையும் மட்டும் தெரிந்தன. முடியப் போகிற நேரத்தில் இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் பிரிந்து ஓடியது. முதுகில் பதினொன்று. சரிவின் உச்சியிலிருந்து யாரோ ஒரு கிழவர் பழக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒருவர் பத்தாகி, பத்து நூறாகி, மலையே அந்தப் பெயரைக் கத்தியது. நானும் எழுந்து நின்று கத்தினேன். நம்பரை அல்ல, பெயரை. எத்தனை தடவை என்று தெரியாது. பந்து உள்ளே போனதை நான் பார்க்கவில்லை, சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெயித்துவிட்டோம். லெட்சுமி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், நானும் குதித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதுதான் என்னை இன்றுவரை விடாமல் துரத்துகிறது. அந்தச் சில நிமிஷம் அவர் செத்தவர் இல்லை, கீழே ஓடிக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும், பதினொன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவுக்குக் கிட்டே வந்தார்கள். மூட்டத்துக்கு வெளியே வந்த முகம் தங்கையாவுடையது. அக்காவின் கை என் தோளில் அப்படியே நின்றது. "என்னாடி, பேரச் சொல்லிட்டியே" என்றாள் மெதுவாக. அப்போதுதான் வாயைப் பொத்தினேன். இவ்வளவு காலம் காத்த பெயரை, கேட்க அவர் இல்லாத நாளில் செலவழித்துவிட்டேன். எல்லாரும் மேளத்தோடு கோயிலுக்குப் போனார்கள். நான் சரிவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் தங்கையா ஜெர்சியை மடித்துக் கொண்டுவந்தான். "தொவைக்கலக்கா. எங்க வீட்ல தொவைச்சுத் தரேன்னுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றான். மாணிக்கம் அண்ணன் இனி அதைத் திருப்பிக் கேட்கமாட்டார், நிர்வாகத்தில் சொல்லிப் புதிது வாங்கிவிடுவார்கள் என்றும் சொன்னான். அவன் போனபின் முகத்தை வைத்துப் பார்த்தேன். சேறும் வியர்வையும்தான். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

சொன்னபடி கப்பல் ஏறினேன். அண்ணன் வீட்டில் போய் இறங்கியதும் அண்ணி என் பையைப் பிரித்து, "இந்த அழுக்கையா கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தே?" என்று ஜெர்சியைத் துவைத்து வேலியில் போட்டுவிட்டாள். நான் ஓடிப் போய் எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது. ஒரு வாசமும் இல்லை, வெறும் துணி. சண்டை போட்டேன், பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். அங்கே நாக்கு எழவில்லை; அண்ணன் மகளைச் சொல்லச் சொன்னேன். அவள் அதைப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அந்த ஊரில் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. இந்த மலையில் எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் உட்பட. அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டேன்.

வந்து பையைத் திறந்தபோது ஜெர்சி லேசாக நனைந்திருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல. கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. மற்ற துணிகளெல்லாம் அடுப்புக்கு மேல் கயிற்றில் காய்கின்றன. அதை மட்டும் நான் காயப்போடுவதில்லை.