குழாய் மாத்தணும்

என் விரலை என் போனுக்கே அடையாளம் தெரியாது. முப்பது வருடமாகக் கொதிக்கிற சாய அண்டாவிலிருந்து பட்டு நூலைத் தூக்கித் தூக்கி ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் நாலு எண்ணைத் தட்டித்தான் போனைத் திறக்க வேண்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான், அன்றாட வேலைகளைக் குறித்து வைக்க ஒரு ஆப் தேடி, பதினைந்து நாள் போனோடு மல்லுக்கட்டினேன். பெரணமல்லூரில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தால் வந்த வினை அது.

அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு நான் மறுநாள் போய்ச் சேர்ந்தேன். வெளுத்த வேட்டி, கையில் மொய்க் கவர், முகத்தில் சிரிப்பு எல்லாம் சரியாக இருந்தது. அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் என்னதான் செய்வார்கள், பாவம். உட்காரவைத்து முதல் நாள் மிஞ்சிய லட்டில் கொஞ்சம் டப்பாவில் போட்டுக் கொடுத்து, "அக்கா வரலிங்களா?" என்று கேட்டார்கள். அந்த அக்கா, அதாவது என் மனைவி, ஊரில் இருந்தால் நான் ஏன் மறுநாள் வருகிறேன்? ஆரணி பஸ்ஸில் லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

என் மனைவி அப்போது புனேயில் இருந்தாள். மகளுக்கு அங்கே வேலை. பிரசவத்துக்கு இங்கே வர முடியாது, லீவு போதாது என்று சொல்லிவிட்டாள். கார்த்திகையில் கிளம்பும்போது மனைவி, "கொழந்த பொறந்து மூணு மாசம் பாத்துட்டு சித்திரைக்கு வந்துட்றேன்" என்றாள். சித்திரை வந்தது, அவள் வரவில்லை. வைகாசியில்தான் இந்த லட்டு.

எங்கள் வீட்டில் எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது அவள் கையில்தான் இருந்தது. மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் தேதி காலண்டரில் காலையில் தாளைக் கிழித்ததும் அதைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதுவாள். சிலிண்டர், தயிருக்கு உறை, போளூர் சித்தப்பாவுக்குப் போன். எழுதி அடுக்களைக் கதவுப் பக்கத்து ஆணியில் குத்திவிடுவாள். முடிந்ததை அடித்துவிடுவாள். ஆனால் எல்லாவற்றையும் அடிக்கவே மாட்டாள். ஒன்றையாவது மிச்சம் வைப்பாள். மறுநாள் தாளில் அந்த மிச்சம்தான் முதல் வரி.

அந்த வழக்கம் என்னால் வந்தது. அவள் தறி நெய்கிறவள். என் வீடு சாயம் போடுகிற வீடு. எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. கல்யாணமான முதல் வருடம், ஆயுத பூசைக்கு முதல் நாள், அவள் வெளியே போயிருந்த நேரத்தில், பொண்டாட்டி மெச்சுவாள் என்று அவளுடைய தறியைச் சுத்தம் செய்தேன். நெய்து முடித்த சேலையை அறுத்து எடுத்த பிறகு தறியில் ஒரு முழத்துக்குப் பழைய நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கக் குப்பையாக இருந்தது. அத்தனையையும் உருவிப் போட்டு, தறியைப் பளபளவென்று துடைத்து, குங்குமமும் வைத்தேன்.

அந்தப் பழைய நூல் முனையில்தான் அடுத்த சேலைக்கான புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிணைத்துவிட்டால் பழையதைப் பிடித்துக்கொண்டு புதியது தானாக உள்ளே வந்துவிடும். பழையது இல்லையென்றால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக மறுபடி கோக்க வேண்டும். அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தறிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாள் குனிந்த தலை நிமிராமல் கோத்தாள். அதன்பிறகு நான் எதையாவது முழுசாக முடித்துவிட்டுப் பெருமையாக வந்து நின்றால், "கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க. நாளைக்கி எதுல பிணைக்கிறது?" என்பாள். முதலில் என்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள். போகப்போக அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது.

புனேவுக்குக் கிளம்பும்போது மூன்று காலண்டர் தாளில் எனக்கு எழுதிக் குத்திவிட்டுப் போனாள். ஒரு வாரம் முன்னால் கடைசிச் சேலையை அறுத்திருந்தாள். நூல் முனைகள் தொங்கும் தறியின்மேல் பழைய நூல் சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தாள். மூன்று தாளையும் நான் ஒழுங்காக முடித்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தேன். கடைசி வரி. "கொல்லைக் குழாய் மாத்தணும்."

குழாய் அப்போதுதான் சொட்ட ஆரம்பித்திருந்தது. கீழே ஒரு வாளியை வைத்தேன். விடிவதற்குள் நிரம்பிவிடும். அந்தத் தண்ணீரை நூல் அலச எடுத்துக்கொள்வேன், வீணாக விடவில்லை. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாங்க, சொட்டிகினே கீது, பேஜாரா இல்லியா உங்களுக்கு?" என்று கேட்டபோது, நாளைக்கு மாற்றுகிறேன் என்றேன். அவரும் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார்.

லட்டு விஷயம் தெரிந்ததும் மகள் போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "சிலிண்டர் மறந்துட்டு மூணு நாள் ஓட்டல்ல சாப்ட்ட. இப்ப இது. ஒரு ஆப் போட்டுக்கோப்பா. சிம்பிளா ஆயிரம் கீது."

ஆயிரம் இருந்தது உண்மைதான். சிம்பிளாக இருந்தது பொய். முதலாவது ஆப், திறந்ததும் உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டது. ஒருத்தன் என்று போட்டேன். அதற்குத் திருப்தியில்லை, யாரையாவது அழைக்கச் சொல்லி நச்சரித்தது. அவசர வேலைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு ஆரஞ்சு என்று நிறம் பிரித்திருந்தார்கள். அந்தச் சிவப்பை என் பட்டறையில் எடுத்திருந்தால் மறுபடி அண்டாவில் முக்கச் சொல்லியிருப்பேன். ஒரே நாளில் அதைத் தூக்கிவிட்டேன்.

இரண்டாவது ஆப்பில் ஒரு செடி. வேலையை முடித்தால் இலை விடும், வண்ணக் காகிதம் பறக்கும், சபாஷ் என்று சொல்லும். ஐம்பத்தேழு வயதில் மாத்திரை போட்டதற்கு எனக்குச் சபாஷ். சேத்துப்பட்டுக்கு நூல் கொண்டுபோன அன்று போனையே பார்க்கவில்லை, செடி வாடிப்போய் என்னைப் பாவமாகப் பார்த்தது. வீட்டில் துளசிக்குத் தண்ணீர் விடவே எனக்கு ஞாபகம் இருப்பதில்லை, போனுக்குள் வேறு ஒன்றா?

மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. வெறும் வெள்ளைத் தாள், எழுத வேண்டியது, தட்ட வேண்டியது. மனைவியின் தாளிலிருந்து குழாய் வரியைப் பார்த்து அதில் எழுதினேன். மறுநாள் காலை திறந்தால் ஒன்றுமில்லை. புதிய நாள், புதிய தொடக்கம் என்று ஒரு வாசகம் மட்டும் இருந்தது. முடியாததையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வாழ்த்து வேறு. எனக்குச் சுரீரென்றது. யாரோ என்னை மாதிரி ஒரு மடையன் தறியைச் சுத்தம் செய்திருக்கிறான் என்று தோன்றியது. அதையும் எடுத்துவிட்டேன்.

நாலாவதுதான் நிலைத்தது. ஒரு வரி, பக்கத்தில் ஒரு வட்டம். முடியாதது அப்படியே மறுநாளுக்கு வந்து முதலில் நிற்கும். சபாஷ் கிடையாது, திட்டும் கிடையாது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளலாம் என்றது. மகள் அதை அவள் அம்மாவின் போனிலும் போட்டுக்கொடுத்தாள்.

அதன்பிறகு அந்த ஆப்தான் எங்கள் வீடு. போனில் பேசினால் குழந்தை அழும், குக்கர் கத்தும், இரண்டு அறை வீட்டில் மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "சாப்டீங்களா", "சாப்ட்டேன்", அவ்வளவுதான் பேச முடியும். பட்டியலில் அப்படியில்லை. அங்கிருந்துகொண்டு ஆரணியில் மழை வருமா என்று பார்த்து, "மாடில நூல் காயுதா? ஜல்தியா எடுங்க" என்று எழுதுவாள். நான் ஓடிப்போய் எடுத்துவிட்டு வட்டத்தைத் தட்டுவேன். தட்டியது அவளுக்கு அங்கே தெரியும். அவள் வேலைகளையும் அதிலேயே எழுதுவாள். பாப்பாவுக்கு ஊசி. வெந்தயம் ஊறவைக்கணும். அது அடிபட்டதும், இப்போது ஊறவைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எல்லாம் அடிபட்ட பிறகும் குழாய் மட்டும் மேலே நிற்கும். அதை அவளும் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

அவள் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே யாருமில்லை. பட்டறையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே காது அவள் தறிச் சத்தத்தைத் தேடும். அக்கம்பக்கத்தில் எத்தனையோ தறி ஓடுகிறது. அவள் தறி எது என்று எனக்குத் தெரியும். அது மட்டும் ஓடவில்லை.

ஆவணி கடைசியில் மகளின் லீவு முடிந்து, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுப் பார்த்தார்கள். பத்தே நாளில் காய்ச்சல், சளி, ஆஸ்பத்திரி. ஒரு மதியம் மனைவி போன் செய்தாள். துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்கு வந்திருந்தாள். காற்று இரைந்தது.

"இன்னும் ஒண்ணரை வருசம் ஆவும் போல கீதுங்க. பாப்பா ஸ்கூல் போற வரிக்கும்."

நான் போனோடு பின்பக்கம் வந்தேன். கொல்லையில் குழாய் சொட்டுவது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னுமா மாத்தல நீங்க?"

"நீ வந்தப்புறம் மாத்திக்கிறேன்."

துணியை உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "குழாய மாத்திடுங்க" என்றாள்.

அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொன்னதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள் என்கிறாள். கோபம் தலைக்கேறியது. "செரி, மாத்திட்றேன், எல்லாத்தியும் மாத்திட்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யார் மேல் கோபம்? எட்டு மாதக் குழந்தை மேலேயா? அவளும் இங்கே வரத்தான் துடிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மூன்று நாள் ஆப்பைத் திறக்கவில்லை. அவள் போன் செய்தபோதும் பட்டறையில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நாலாம் நாள் காலை கடைக்குப் போய்ப் பித்தளைக் குழாய் ஒன்று வாங்கி வந்தேன். தண்ணீர்த் தொட்டி வால்வை மூடி, பழையதைத் திருகி எடுத்தேன். பத்து மாதம் சொட்டியதில் கழுத்தில் பச்சை படிந்திருந்தது. புதியதை மாட்டி, வால்வைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தேன். கொல்லையில் இத்தனை அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றியாயிற்று, அடித்துவிட வேண்டியதுதானே. ஈரக் கையோடு போனை எடுத்து நாலு எண்ணைத் தட்டினேன். அந்த வரியை அடித்தால் பட்டியலில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன்.

குழாய் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அன்று மாடியில் பேசிவிட்டு இறங்கின கையோடு எழுதியிருக்கிறாள். மூன்று நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

"ஆயுத பூசை வருது. தறியில கீற நூல்ல கை வெக்காதீங்க. நான் வந்து பிணைச்சிக்கிறேன்."

கொல்லையில் உட்கார்ந்து ஐம்பத்தேழு வயதில் ஒருவன் அழுதால் பக்கத்து வீட்டம்மா என்ன நினைப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குழாய் வரியின் வட்டத்தைத் தட்டினேன். அது மறைந்து, கீழே இருந்தது மேலே வந்தது. பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "சாப்டீங்களா?" என்றாள். "சாப்ட்டேன்" என்றேன்.

ஆயுத பூசை அன்று பட்டறையில் அண்டாவையும் தராசையும் கழுவிப் பொட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து, தறிக்கட்டையில் சந்தனம் தொட்டு வைத்தேன், மேலே போர்த்தியிருந்த சேலையை விலக்கவில்லை. காலையில் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டுப் போனைத் திறந்தால் இப்போது அவள் எழுதிய அந்த வரிதான் முதல் வரி. இன்னும் ஒன்றரை வருடம் அப்படியே இருக்கும். நான் கை வைக்க மாட்டேன்.