லிஃப்ட்காரர் கேட்ட ஒரு கிளாஸ் பால்

பிராங்க்ஸில் லெய்பிஷ் பொமரான்ட்ஸைத் திட்டுவதற்கு இரண்டே பேருக்குத்தான் உரிமை இருந்தது. ஒருத்தி அவர் மனைவி கிட்டல். இன்னொருவர் லுட்மர் டெலி என்ற யூதச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஸெலிக். பக்கத்து வீட்டுக்காரர்கள், யூனியன்காரர்கள், தொழுகைக்கூடத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவ்வப்போது முயன்று பார்த்தார்கள். அது அவர் காதில் ஏறியதில்லை.

பொமரான்ட்ஸ் நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். நியூயார்க்கில் மேலே ஏறிப் போன பாதிப் பேர் கீழே வந்து சேர்ந்தது அவர் கையால்தான் என்று கிட்டல் சொல்லுவாள். கல்யாணமே லிஃப்டில்தான் நிச்சயமானது. ஒரு கோட் தொழிற்சாலையில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது ஒரே ஒரு பெண். அவள் திட்டிய திட்டு ஏழு மாடிக்கும் கேட்டது. லிஃப்ட் செய்தவனை, வாங்கியவனை, அதில் ஏறச் சொன்ன மேஸ்திரியை, பழுது பார்க்கத் தாமதமாக வந்தவனை, அவனைப் பெற்றவளை, ஒருவரையும் விடவில்லை. பொமரான்ட்ஸுக்குப் பழுது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் முதல் காரியமாக அவரைக் குடையால் அடித்தவளும் அவள்தான்.

பிள்ளைகள் இல்லை. வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு இருவரும் லுட்மர் டெலிக்குப் போவார்கள். மிளகும் கொத்தமல்லியும் அப்பி, புகையில் கறுத்து, ஆவியில் வெந்த பஸ்ட்ராமி என்ற மாட்டிறைச்சியைக் கையால் சீவி, ரை தானிய ரொட்டிக்குள் அடுக்கித் தருவார்கள். அடுக்கு அவ்வளவு உயரம். எதிரெதிரே உட்கார்ந்த தம்பதிகள் பாதியாவது தின்று முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும். சில குடும்பங்கள் பிழைத்திருப்பதே அதனால்தான் என்று அந்தத் தெருவில் பேச்சு. இவர்கள் இருவருக்கும் ஒன்றே போதும். கொழுப்புள்ள பாதி அவளுக்கு, மற்றது அவருக்கு. மேஜை நடுவே ஊறுகாய்க் கிண்ணம். அதில் வெள்ளரி இரண்டு விதம்: இன்னும் பச்சை மாறாத அரைப்புளிப்பு கிட்டலுக்கு, பல் கூசும் முழுப்புளிப்பு அவருக்கு.

ஸெலிக் அங்கே முப்பத்தொரு வருடம். தட்டைப் பாதம், தொங்கும் மீசை, காதில் பென்சில். என்ன வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்பவர்களையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"யோவ் லிஃப்டு, சூப் வேண்டாம்னு சொன்னியா? மூக்கு ஒழுகுது உனக்கு. சூப்தான் வரும்."

"சூடா இருக்குமா?"

"ஏன், குளிக்கப் போறியா?"

கிட்டல் விடமாட்டாள். "ஸெலிக், இந்த ரொட்டி நேத்தையது."

"நானும்தான் நேத்தைய ஆளு. என்னயும் திருப்பி அனுப்பும்மா, புண்ணியமாப் போகும்."

அப்படி முப்பத்தொரு வருடம். போன அக்டோபரில் கிட்டல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஜன்னல் திரையைச் சரியாக இழுக்கத் தெரியாத புருஷனைப் பற்றி ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டாள்.

ஏழு நாள் துக்கம் காத்தார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள். பொமரான்ட்ஸ் கிழித்த சட்டையோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் தாங்களாக வாயைத் திறக்கக் கூடாது, துக்கக்காரர்தான் முதலில் பேச வேண்டும், அதுதான் யூதர்கள் வழக்கம். பொமரான்ட்ஸ் பேசவில்லை. ஏழு நாளும் பேசவில்லை. ஆகவே வந்தவர்கள் எல்லோரும் அவித்த முட்டையைத் தின்றுவிட்டுத் தரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸெலிக் மூன்று மாலை வந்தார். ஒவ்வொரு முறையும் இறைச்சித் தட்டை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் ஒரு மணி நேரம் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது சொல்ல வேண்டிய ஆறுதல் வாசகத்தை மட்டும் சொன்னார்.

முப்பது நாள் கழித்து, வியாழக்கிழமை ஐந்தரைக்கு, பொமரான்ட்ஸ் லுட்மர் டெலிக்குத் தனியாகப் போனார். ஸெலிக் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மிஸ்டர் பொமரான்ட்ஸ். என்ன கொண்டு வரட்டும்?"

பொமரான்ட்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. கேட்டது வந்தது, கேட்டபடியே வந்தது. ஊறுகாய்க் கிண்ணத்தில் முழுப்புளிப்பு மட்டும். அரைப்புளிப்பை யாரோ யோசித்து எடுத்துவிட்டிருந்தார்கள். "வேற ஏதாவது வேணுங்களா?" என்றார் ஸெலிக், மெல்லிய குரலில்.

மூன்று வியாழன் இப்படிப் போனது. வீட்டில் திட்ட ஆள் இல்லை, அது விதி. இங்கேயும் இல்லையென்றால் தான் இருப்பதற்கே சாட்சி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. மரியாதை அவர் உடம்பில் குளிர் போல இறங்கியது. நாலாவது வியாழன் போகவில்லை.

இவ்வளவு பெரிய நகரத்தில் நல்ல டெலி இன்னொன்று கிடைக்காதா? தன் கதை தெரியாத ஒரு கடை போதும். மற்றவர்களைப் போலத் தன்னையும் அங்கே விரட்டுவார்கள். பொமரான்ட்ஸ் ரயில் வரைபடத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மன்ஹாட்டனில் ஒரு கடை. வெளியே விளக்கெழுத்தில் 'உண்மையான பாரம்பரிய டெலி' என்று போட்டிருந்தார்கள். உள்ளே தரையெல்லாம் கம்பளம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருவன் வந்தான்.

"குட் ஈவினிங் சார். நான் ஸ்டீவன். இன்னைக்கு உங்களை நான்தான் கவனிச்சுக்கப் போறேன்."

"கவனிச்சுக்க நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?"

ஸ்டீவன் அதற்கும் சிரித்தான். பஸ்ட்ராமி வந்தது. மெஷினில் சீவியது, அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். மேலே உருகிய பாலாடைக்கட்டி. இறைச்சிமேல் பால் சரக்கு. யூதர் சாப்பாட்டில் அவை இரண்டும் ஒரே வேளையில் சேரவே கூடாது. பொமரான்ட்ஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். தட்டைத் தொடவே இல்லை. "எல்லாம் திருப்தியா இருந்துச்சுங்களா சார்?" என்று ஸ்டீவன் வாசல் வரை வந்து கேட்டான்.

குவீன்ஸில் இரண்டு கடை பார்த்தார். ஒன்றில் ஊறுகாய் இனித்தது. மற்றதில் கடுகு விழுதைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார்கள், அதைப் பிரிக்கவே நகம் உடைந்தது.

ஜனவரி முடியும்போது, புரூக்ளினில், கடல் பக்கம் போகும் ரயிலில் கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில், அவர் தேடியது கிடைத்தே விட்டது. ஆவியில் வியர்த்த ஜன்னல், கூரையில் தொங்கும் சலாமி இறைச்சிக் குழல்கள், தரையில் மரத்தூள். ரை ரொட்டியின் விளிம்பு பல்லோடு சண்டை போட்டது. பஸ்ட்ராமி, சொல்லத்தான் வேண்டும், லுட்மரைவிட ஒரு பிடி மேல். பரிமாறியவள் அறுபது வயது அம்மாள், இடுப்பில் கை, வாயில் நெருப்பு.

"ஒத்தை ஆளா? ஒத்தை ஆளுக்கு மேஜை கெடையாது. அந்தச் சுவரோரம் போய் உக்காரு. கொழுப்பு இல்லாமத்தான் வேணுமா? அப்ப கறி எதுக்குத் திங்குற, போய் பேப்பரத் தின்னு."

பொமரான்ட்ஸின் நெஞ்சு நிறைந்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சூடாக ஏதோ உள்ளே போனது. சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அப்போது பக்கத்து முக்காலியில் ஒரு குண்டு மனிதர் வந்து உட்கார்ந்தார். "கொழுப்பு இல்லாமயா? அப்ப கறி எதுக்குத் திங்குற, போய் பேப்பரத் தின்னு," என்றாள் அம்மாள், அதே ஏற்றம், அதே இறக்கம். அதற்கடுத்து வந்த பெண்ணுக்கும் அதே பேப்பர்.

பொமரான்ட்ஸ் மென்றுகொண்டிருந்ததை மெதுவாக விழுங்கினார். திட்டு நல்ல திட்டுதான். ஆனால் அதில் லிஃப்டு இல்லை, மூக்கொழுகல் இல்லை, கிட்டல் இல்லை. திரும்பி வரும் ரயில் ஒன்றரை மணி நேரம். எதிர்க் கண்ணாடியில் ஒரு கிழவர் தெரிந்தார், பக்கத்து இருக்கையில் தன் தொப்பிக்கு இடம் போட்டிருந்தார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஸெலிக்கைத் திட்ட வைக்க வேண்டும். முடியாவிட்டால் இனி வீட்டிலேயே முட்டை அவித்துத் தின்றுகொள்ள வேண்டியதுதான்.

அடுத்த வியாழன், ஐந்தரை. லுட்மர் டெலியில் நாலே பேர் இருந்தார்கள். ஸெலிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மிஸ்டர் பொமரான்ட்ஸ். ரொம்ப நாளாச்சுங்களே."

"பஸ்ட்ராமி. வெள்ளை ரொட்டியில."

பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. "சரிங்க."

"கடுகு விழுது வேண்டாம். மயோனேஸ் தடவி."

பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஸெலிக்கின் மீசை ஒரு பக்கம் மட்டும் துடித்தது. அதையும் எழுதினார்.

"கூட ஒரு கிளாஸ் பால்."

அந்தக் கடை திறந்த நாளிலிருந்து பால் அதன் வாசல்படியைத் தாண்டியதில்லை. இறைச்சி சீவுகிறவரின் கத்தி நின்றது. கூரையில் ஆடிக்கொண்டிருந்த சலாமிகள் ஆட்டத்தை நிறுத்தின. அன்று அங்கே இருந்த நாலு பேரும் அதற்குச் சாட்சி. எத்தனை சலாமி என்பதில் மட்டும் நாலு பேரும் ஒத்துப்போவதில்லை.

ஸெலிக் பென்சிலைக் காதில் செருகினார். குனிந்தார். "மிஸ்டர் பொமரான்ட்ஸ்," என்றார் மிக மெதுவாக, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

பொமரான்ட்ஸுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. இதற்குமேல் செய்ய அந்த மதத்தில் குற்றம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போக மேஜையில் கையை ஊன்றினார். எதிரே இருந்த காலி நாற்காலி கண்ணில் பட்டது.

"கிட்டல் இருந்தா விட்டிருக்க மாட்டா," என்றார். "அவ இல்ல. அதான் பால் கேக்குறேன்."

ஸெலிக் நிமிர்ந்தார்.

"நாலு மாசம்யா," என்றார். "நாலு மாசம். மூணு நாள் உன் வீட்டு நாற்காலியில உக்காந்து என் முதுகே ஒடஞ்சுது. நீ வாயத் தொறக்கல. கடைக்கு வந்த, அவ பேரச் சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. நீ ஆரம்பிக்காம நான் எப்படிய்யா பேசுறது? நான் என்ன வழக்கம் தெரியாதவனா? உனக்கு மரியாத குடுத்துக் குடுத்து என் வயிறே கெட்டுப் போச்சு."

"நான் என்னத்த சொல்றது."

"அதுக்காகப் பாலா? பஸ்ட்ராமிக்கா? மயோனேஸா? அவ எந்திரிச்சு வந்து குடையால சாத்துவா உன்ன. என்னயும் சேத்து. தொப்பியக் கழட்டாத, தலையில மூளை இருக்குன்னு யாராச்சும் நம்பட்டும். உக்காருய்யா லிஃப்டு."

போனார். கொண்டு வந்தார். ரை ரொட்டி, கொழுப்போடு சீவிய பஸ்ட்ராமி, கேட்காத சூப். கிண்ணத்தில் வெள்ளரி இரண்டு விதமும்.

"இத யாரு திங்கறது?" என்றார் பொமரான்ட்ஸ், பச்சை வெள்ளரியைக் காட்டி.

"அது என் வேலை இல்ல. வைக்கிறதுதான் என் வேலை." ஸெலிக் அடுத்த மேஜைக்காரரிடம் போனார். "நீ என்னய்யா பாக்குற? சினிமாவா ஓடுது?"

பொமரான்ட்ஸ் தன் பாதியைத் தின்றார். கொழுப்புள்ள பாதியைப் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தார். அது அங்கேயே இருந்தது. வெளியே பனி மழையாகக் கரைந்து கொட்டத் தொடங்கியது. கிண்ணத்திலிருந்து ஓர் அரைப்புளிப்பு வெள்ளரியை எடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் அதை அவர் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. கடித்தார். தண்ணீராக, பூண்டு வாசனையாக, ஊறுகாய் ஆவதா வேண்டாமா என்று முடிவு செய்யாத ஏதோ ஒன்றாக இருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை.

கடந்து போன ஸெலிக் நின்று பார்த்தார். "மூஞ்சி அஷ்டகோணலாப் போகுது. பிடிக்கலன்னா எதுக்குத் திங்குற?"

பொமரான்ட்ஸ் கடைசிக் கடி வரைக்கும் மென்று தின்றார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.