என் முகத்துக்கு விளக்கேற்றிய மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக, என் தங்கையின் கணவர் தொழில்நுட்பச் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. பாதி நாள் அங்கே போவார், மீதி நாள் நாமக்கல்லில் எங்கள் அடுத்த தெருவில் உட்கார்ந்து கணினியோடு இங்கிலீஷில் பேசுவார். நான் சேலம் ரோட்டில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். லாரிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்தே பேசக் கற்றுக்கொண்டவன். எனவே உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சொல்லும் பொறுப்பை மாப்பிள்ளை தானாகவே எடுத்துக்கொண்டார்.

"மச்சான், மடிக்கிற போன் வந்திருக்கு. நடுவுல அப்படியே மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கலாம்."

"எதுவா இருந்தாலும் மடிக்கிற எடத்துலதானுங்க மாப்பிள்ளை மொதல்ல கிழியும். தார்ப்பாய் விக்கறவன்கிட்டயே சொல்றீங்களே."

இன்னொரு வாரம், பால் தீர்ந்துவிட்டால் தானே சொல்கிற பிரிட்ஜைப் பற்றிச் சொன்னார். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சொல்றதுக்கு இந்த ஊட்டுல ஆளு நெறைய இருக்குதுங்க. போயி வாங்கியாறதுக்கு ஒரு மிசினு வந்தாச் சொல்லுங்க."

டிரைவர் இல்லாத லாரி வரப்போகிறது என்ற செய்தியை நான் கடைக்குக் கொண்டுபோனேன். கயிறு வாங்க வந்த ஒரு டிரைவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "செக்போஸ்ட்டுல கை காட்டுனா யாருங்க எறங்கிப் போயி பேசுறது?" இதை அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் இல்லாத படித்தவருக்கு வருகிற கோபம் தனி ரகம். புன்சிரிப்போடு வரும்.

"மச்சான், நீங்க பழைய மாடல். உங்க மாடலுக்கெல்லாம் அப்டேட் குடுக்கறதையே நிறுத்திட்டாங்க."

என் மனைவி சிரித்தாள், தங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விழுங்கினேன். விழுங்கியது செரிக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் போய் உட்கார்ந்து காத்திருந்தது.

அப்போதுதான் என் மருமகளுக்கு, அதாவது தங்கை பெண்ணுக்கு, காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது மட்டுமல்ல, குழந்தையின் அப்பனும் தாய்மாமனும் சேர்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். பத்திரிகை இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்தானா, ஒரு வாய் காப்பி குடித்தானா என்றுதான் பார்ப்பார்கள். நான் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "எப்பப் போலாமுங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போக வேண்டாம். நீங்க இந்த கேமராவைப் பாத்துக் கொஞ்சம் சிரிங்க, போதும்" என்றார் மாப்பிள்ளை.

சிரித்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். வெண்ணந்தூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. என் அத்தை, அப்பாவுடன் பிறந்தவர், கதவு முழுக்கத் திறப்பதற்குள் ஓலமிட்டுக்கொண்டே இறங்கினார். பின்னாலேயே அவர் மருமகள் கையில் பெரிய ரோஜா மாலை.

"ஏஞ்சாமீ... எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டியே சாமீ..."

நான் போண்டாவோடு எழுந்து நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். அழுகை பாதியில் நின்றது.

"அத்தை, யாருங்க போனது?"

"நீதான்டா!"

விஷயம் இதுதான். மாப்பிள்ளை ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவிடம் என் படத்தைக் கொடுத்து, நான் பேசி அழைப்பதுபோல ஒரு வீடியோ செய்து, இருநூறு முன்னூறு சொந்தங்களுக்கு வாட்சப்பில் தட்டிவிட்டிருக்கிறார். மிஷினுக்கு மங்களகரம் என்றால் என்னவென்று யார் சொன்னார்களோ, நடுவில் என் முகம், பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு, மேலிருந்து உதிரும் பூவிதழ்கள். எங்கள் ஊரில் ஒரு ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் விளக்கெரிந்து பூ உதிர்ந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்த சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அத்தையின் போனில் சத்தம் வைத்திருக்கவில்லை. பார்த்ததும் பதறி எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் குடோனுக்குள் இருந்தேன், அங்கே சிக்னல் கிடையாது.

"எடுத்தது ஒரு புள்ளை. 'நீங்க கூப்பிடறவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்'னு சொல்லுச்சு. அந்தப் புள்ளையே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தைக் கண்ணு சந்தேகப்படறது?"

கடையில் நின்ற டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடமே சிரிப்பில் ஆடியது. மாலையை வீணாக்க வேண்டாமென்று ஒருவர் அதை என் கழுத்திலேயே போட்டுவிட்டார். அன்றிலிருந்து லாரி ஆபீஸ் வட்டாரத்தில் எனக்குப் புதுப் பெயர்: 'எல்லைக்கு வெளியே இருக்கறவர்'.

சத்தம் வைத்து வீடியோவைப் பார்த்தேன். எனக்கு முன்பல்லுக்கு நடுவே ஒரு இடைவெளி உண்டு, அதை அடைத்திருந்தது. மீசையைச் சீவியிருந்தது. என் வாயிலிருந்து செய்தி வாசிப்பவர் குரல் வந்தது: "அன்பிற்கினிய உறவுகளே, தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை புரிந்து..." கையை வேறு விரித்து விரித்துக் காட்டினேன். நான் வாழ்நாளில் கையை அப்படி விரித்ததில்லை. விரித்தால் கடையில் தார்ப்பாய் அளக்கத்தான் விரிப்பேன்.

அத்தை வந்த வேனிலேயே முறைத்துக்கொண்டு திரும்பிப் போனதும், நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாலை கழுத்திலேயே இருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான், உங்க ஒரிஜினல் மூஞ்சியைப் போட்டிருந்தா குழந்தைக பயந்திருக்கும். மிஷின்தான் திருத்திக் குடுத்துச்சு. அதுக்கு நன்றி சொல்லுங்க."

நெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது அப்போது எழுந்து நின்றது. ஆனால் என் தங்கை சிரிக்கவில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க நின்றாள்.

"அத்தை போன் பண்ணுனாங்க அண்ணா. 'உசுரோட இருக்கறவன் நேர்ல வந்து கூப்பிட மாட்டானா? போனுல வந்து கூப்பிட்டா நாங்களும் போனுலயே வந்துக்கறோம்'னு சொல்லிப்போட்டாங்க. மேட்டூர் சித்தப்பாவும் அதேதான் சொல்றாரு. எம்பொண்ணு காதுகுத்து காலி மண்டபத்துலயா நடக்கோணும்?"

"எல்லாருக்கும் ப்ளூ டிக் விழுந்திருச்சு" என்றார் மாப்பிள்ளை.

"டிக்கு விழுந்திருச்சு. பந்தியில வந்து டிக்கு உக்காருமா?" என்றாள் தங்கை. அவளுக்குக் கோபம் வந்தால் அப்படியே எங்கள் அம்மா. "நாளைக்கு அண்ணன் கூடப் போயி ஊடு ஊடாக் கூப்பிட்டுட்டு வந்தீங்கன்னா விசேசம். இல்லைன்னா நானும் எம்பொண்ணும் ரெண்டே பேரு போயி கோயில்ல குத்திக்கறோம்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மிகவும் சாந்தமாக, "போயிட்டு வந்துரலாமுங்க" என்றேன். என்னைத் தெரிந்த யாராவது அங்கே இருந்திருந்தால் அந்தச் சாந்தத்தைக் கண்டு பயந்திருப்பார்கள்.

அன்று சாயங்காலமே நான் போக வேண்டிய வீடுகளுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரிடமும் ஒரே பேச்சு: "நாளைக்கு மாப்பிள்ளையோட நேர்ல வாரோமுங்க. மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ரொம்பப் பெரிய ஆளு. ஊட்டுல போனு, டிவி, மோட்டாரு, எது ரிப்பேரா இருந்தாலும் எடுத்து வைங்க. கூச்சப்படாதீங்க. கேக்கலைன்னாத்தான் அவருக்கு வருத்தம்."

ஏசி இல்லாத என் கடை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வெண்ணந்தூர். அத்தை முறத்தில் அரிசி எடுத்து வைப்பதுபோல, ஒரு தாம்பாளத்தில் ரிமோட்டுகளாக அடுக்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ரிமோட்டும் அதில் இருந்தது.

"மாப்பிள்ளை, இதுல எதை அமுக்குனாலும் சீரியல் வர மாட்டேங்குது. எல்லாம் இந்திக்காரன் பேசறான்."

"அத்தை, நான் இந்த மாதிரி வேலை இல்லைங்க. சாஃப்ட்வேர் டெஸ்டிங்."

"அப்படின்னா?"

"மத்தவங்க செஞ்ச புரோகிராம்ல தப்பு இருக்கான்னு பாக்கறது."

"அதேதான். இதுலயும் தப்பு இருக்குது, பாருங்க."

நான் வாசல் நிழலில் உட்கார்ந்து நீர்மோர் குடித்தேன். உள்ளே மாப்பிள்ளை டிவிக்குப் பின்னால் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் மருமகள் அவர் தலைக்கு மேலே டார்ச் அடித்துக்கொண்டு, "போனமுறை கேபிள்காரப் பையன் வந்தான், ஒரே நிமிசம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நீர்மோருக்கு இத்தனை ருசி உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேட்டூர் சித்தப்பா அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒழுங்குக்காரர். அவருடைய போனில் எழுத்தெல்லாம் ஏதோ சீன பாஷைக்கு மாறியிருந்தது. வந்த வேலையை முடிக்காமல் ஆள் வெளியே போவது அவருக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை எழும்போதெல்லாம், "உக்காருங்க, முடிச்சிட்டுப் போலாம்" என்றார். அந்தச் சீன எழுத்துகளுக்கு நடுவே மாப்பிள்ளை வழி தேடியதைப் பார்த்தபோது, நாளைக்கு உலகத்தை நடத்தப் போகிறவர்கள் இவர்கள்தானா என்று எனக்கு உலகத்தின் மீதே ஒரு பரிதாபம் வந்தது. மாப்பிள்ளை மீது வரவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் காப்பியோ மோரோ ஒரு டம்ளர் குடித்தே ஆக வேண்டும். வேண்டாமென்றால் அழைப்பு செல்லாது. வண்டியில் ஏறும்போதெல்லாம் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக என் பெரியம்மா மகன் தோட்டம். எனக்கு அண்ணன் முறை. போனிலிருந்தே ஓடவிடுகிற மோட்டார் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். அது ஓடவில்லை. கிணற்றடி ஷெட்டுக்குள் மாப்பிள்ளையை அனுப்பினார்கள். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வியர்வை வழிய, நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்க்ரூ டிரைவருமாகக் குந்தியிருந்தார். அந்த நிமிடத்தில் நான் அவரை ஒரு போட்டோ எடுத்தேன்.

"அந்த சிம்முல காசு தீந்திருக்கும் மச்சான், ரீசார்ஜ் பண்ணச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து கத்தினார். ரீசார்ஜ் செய்தார்கள். மோட்டார் ஓடியது. பரவாயில்லை, ஒன்று சரிசெய்தார். அது எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "விசேசத்தன்னைக்கு எங்க ஊரு ஆளுக எல்லாரும் அவங்கவங்க போனை எடுத்துட்டு வாரோமுங்க மாப்பிள்ளை" என்றார். நான் சொல்லிக்கொடுக்காமலேயே வந்த வார்த்தை அது.

காதுகுத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கினோம். தங்கையின் முகத்தில் அந்தக் கூட்டம் அப்படியே தெரிந்தது. வாசலில் தாய்மாமன் சார்பில் நான் வைத்த பிளக்ஸ் நின்றது. அதில் விளக்கும் இல்லை, பூவும் இல்லை. கிணற்றடியில் எடுத்த அந்தப் போட்டோ, நாக்கோடும் வியர்வையோடும், ஆள் உயரத்துக்கு. மேலே: 'எங்கள் குடும்பத்தின் கம்ப்யூட்டர் மேதை.' கீழே: 'போன், ரிமோட், மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவை பந்திக்கு முன்பும் பின்பும் பார்த்துத் தரப்படும்.' ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'இந்த முகத்தை எந்த மிஷினும் திருத்தவில்லை.'

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என்னை நோக்கி வந்தார். வந்து சேர முடியவில்லை. அத்தை ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், தோட்டத்து அண்ணனுடைய ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். பட்டு வேட்டியோடு அவரை ஒரு தூணோரம் நிறுத்திவிட்டார்கள்.

மேடையில் குழந்தை என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, "அப்பனைக் காணோமே?" என்றார். தங்கை கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். தூணோரம் மாப்பிள்ளை கையில் யாருடைய ரிமோட்டோ; சித்தப்பா அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கூப்பிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அந்தப் பார்வையைக் கொஞ்ச நேரம் வைத்து அனுபவித்தேன். அவசரப்படவில்லை.

குழந்தை என் பல்லிடுக்கில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஊசியைக் கண்டதும், "அப்பா!" என்று அலறினாள். அவள் அலறினால் எனக்குத் தாங்காது. அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை!" என்று மேடையிலிருந்தே மண்டபம் அதிரக் கத்தினேன். "அந்த ரிமோட்டைக் கீழ போட்டுப்போட்டு வாங்க! உங்க புள்ளை கூப்பிடறா, நீங்க எல்லைக்கு வெளியே நிக்கறீங்க!"

நான் அழைத்திருந்த லாரி டிரைவர்கள் பந்தியில் இருந்தே கைதட்டினார்கள். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து குழந்தையின் கையைப் பிடித்தார். காது குத்தி முடித்ததும் என் காதோரம் குனிந்து, "மச்சான், போதுமா?" என்றார்.

"இன்னும் இருக்குதுங்க" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தி வாசிப்பு கிடையாது. கறிக்குழம்பு கொதிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. மாப்பிள்ளை சாப்பிடும்போது அவருடைய போன் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. சங்ககிரியிலிருந்து ஒருவர், ஆத்தூரிலிருந்து ஒருவர், பெயர் தெரியாத யார் யாரோ. நம்பர் எப்படிப் போகிறதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கடையில் யார் தார்ப்பாய் வாங்கினாலும் பில்லுக்குப் பின்பக்கம் நானே என் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.